டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் போதுமா?

"ஒரு டம்ளர் தண்ணி குடும்மா. போட்டுக் காட்டறேன்."

டாக்டரின் அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் அத்தை இப்படிக் கேட்டதும் டாக்டர் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தையின் உள்ளங்கையில் இருந்தது தண்ணீர் விட்டு விழுங்குகிற மருந்தே அல்ல! ஒரு சின்னக் கருவிக்குள் போட்டு, வாயால் உள்ளுக்கு இழுக்க வேண்டிய மருந்துப் பொடி அடங்கிய காப்ஸ்யூல் அது. காலை ஒன்றும் இரவு ஒன்றுமாக நாற்பதுக்கும் மேல் விழுங்கியிருந்தார். வெதுவெதுப்பான பாலோடு எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அந்த நாற்பது காப்ஸ்யூலுக்கு நடுவில் ஒரு தடவை சாவின் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார் அத்தை. 'மறுபடி வந்து காட்டுங்கள்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தேதியில் ஒழுங்காகப் போயிருந்தால் அந்தக் கஷ்டம் வந்திருக்காமலே இருந்திருக்கலாம். நான் செய்த தவறை இன்னொரு வீட்டில் இன்னொரு பெண் செய்யக் கூடாது என்றுதான் கூச்சத்தை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

புகைக்காதவருக்குப் புகை நோய்

அத்தை என்றால் என் கணவரின் தாயார். முசிறிப் பக்கம் கிராமம். பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவர், அடுத்த முப்பத்தைந்து வருஷம் விறகடுப்பில்தான் சமைத்தார். ஓட்டு வீடு, ஜன்னல் இல்லாத அடுக்களை. மழைக்காலத்தில் ஈர விறகு. ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து போகும். 'அடுக்களைன்னா புகை இருக்கத்தான் செய்யும்' என்பார். பீடி, சுருட்டு என்று எதையும் கையால் தொட்டதில்லை.

அறுபது வயதுக்கு மேல் காலையில் எழுந்தவுடன் இருமல், சளி. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. 'வயசாச்சு, அப்படித்தான்' என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். திருச்சிக்கு எங்களோடு வந்த பிறகுதான் நெஞ்சக நோய் டாக்டர் ஒருவர் ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லிப் பரிசோதித்துப் பார்த்து, 'இது சி.ஓ.பி.டி.' என்றார். தமிழில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

"பாட்டி சிகரெட்டே பிடிச்சதில்லையே டாக்டர்?" என்று கேட்டேன்.

"விறகடுப்பு பிடிச்சிருக்காங்களேம்மா!" என்றார் அவர்.

நுரையீரலுக்குள் காற்றுப் போகும் குழாய்கள் பல வருஷப் புகையால் வீங்கிக் குறுகிப் போகின்றன. சளி வேறு அடைத்துக் கொள்கிறது. இழுத்த மூச்சு முழுவதும் வெளியே வராமல் உள்ளேயே தேங்கிவிடுகிறது. அதனால் புதுக் காற்றுக்கு இடம் இல்லாமல் திணறல் உண்டாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ம் வருஷத்தில் மட்டும் இந்த நோயால் உலகம் முழுவதும் சுமார் 35 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். புகையிலைதான் முதல் காரணம் என்றாலும் நம்மைப் போன்ற நாடுகளில் விறகு, வறட்டி, சுள்ளி எரித்துச் சமைத்த பெண்கள் பலர் இதில் அகப்பட்டுக் கொள்கிறார்கள். ஒரு காலத்தில் காசநோய் வந்து குணமானவர்களுக்கும் பின்னால் இது வரலாம்.

வந்த நோயை அடியோடு போக்க மருந்து கிடையாது. ஆனால் அடக்கி வைக்கலாம். இந்த நோய்க்காரர்களுக்கு நடுநடுவே ஒரு ஜலதோஷமோ, பனியோ, புகையோ காரணமாக மூச்சிரைப்பு திடீரென்று முற்றிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலைமை அப்போதுதான் வருகிறது.

பொங்கல் போகட்டும்...

எங்களுக்கு அது 2023-ம் வருஷம் மார்கழி மாதத்தில் வந்தது. டிசம்பர் 28-ம் தேதி இரவு அத்தைக்கு மூச்சு முட்டிப் போய்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். ஆறு நாள் ஆக்சிஜன், ஊசி, நாலு மணிக்கொரு தடவை நெபுலைசர் என்று வைத்தியம் நடந்தது. ஜனவரி 3-ம் தேதி, 'வீட்டுக்குப் போகலாம்' என்றார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிற தினம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் பில் கட்டுகிற இடத்தில், ஒருவர் மருந்து வாங்குகிற இடத்தில், ஒருவர் பிளாஸ்க்கையும் பையையும் வைத்துக்கொண்டு வாசலில். மருந்தைப் பற்றி நர்ஸ் சொன்னது பில் வரிசையில் நின்றிருந்த என் கணவரிடம். அவர் தலையை ஆட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது, 'எல்லாம் சீட்டுல எழுதியிருக்கு'. மருந்துக் கடைப் பையில் மாத்திரை அட்டைகள், ஒரு பாட்டிலில் காப்ஸ்யூல், தனியாக ஒரு சின்ன அட்டை டப்பா. அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஏதோ பிளாஸ்டிக் குழல். மூச்சுப் பயிற்சிக்காக இருக்கும் என்று எண்ணி அலமாரியில் வைத்துவிட்டேன்.

சீட்டின் அடியில், '10-ந் தேதி வந்து காட்டவும்' என்று எழுதியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் மகளுக்குத் தலைப்பொங்கல். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டது. சீர்ப் பாத்திரம், கரும்பு, மஞ்சள், மாப்பிள்ளைக்கு வேட்டி என்று எனக்கு நிற்க நேரமில்லை. அத்தையோ முகம் தெளிந்து, திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக் கொண்டிருந்தார். "எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்! பொங்கலும் அதுவுமா ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கணுமா? தை பொறக்கட்டும், போய்க்கலாம்" என்றார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. 10-ம் தேதி வந்தது, போயிற்று.

13-ம் தேதி சளி மஞ்சளாக வந்ததைப் பார்த்தேன். பனிக்காலம்தானே என்று கற்பூரவல்லிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் போகி. தெருவெல்லாம் புகைமூட்டம். 15-ம் தேதி பொங்கல். வாசலில் மூன்று கல் கூட்டிப் பானை ஏற்றினோம். 'பொங்கப் பானைக்கு நான்தான் தீ வைப்பேன்' என்று அத்தை பிடிவாதமாக அடுப்புக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாட்டுப் பொங்கலன்று இரவு மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட்டுப் படுத்த பிறகு அத்தையின் அறையிலிருந்து ஒரு சத்தம். கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக் கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. 108-க்குப் போன் செய்தோம். ஆம்புலன்ஸில் போகும்போது அவருக்குப் பேச்சு குழறிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுப்பை அணைச்சிட்டியா? அடுப்பை அணைச்சிட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளே தேங்கிய கரியமில வாயு மூளையை மந்தமாக்குவதால் வருகிற குழப்பம் அது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. போகிற நேரத்தில் பேசுகிறார் என்றே நினைத்துவிட்டேன்.

காணும் பொங்கல் விடியும்போது அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் ஒன்றைப் போட்டு, மெஷின் மூலமாகக் காற்றைச் செலுத்தினார்கள். வீட்டுக்கு வந்து பதினாலே நாள்! மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே வாசல். இந்தத் தடவை பில் தொகை முன்னதைப் போல இரண்டு மடங்கு. மகளின் தலைப்பொங்கல் ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிந்தது.

ஏன் திரும்பத் திரும்ப?

'நன்றாகத்தானே இருந்தார், ஏன் இப்படி?' என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபத்து நீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நுரையீரலின் வீக்கம் வடிவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு எட்டு வாரம் கழித்தும் பழைய நிலைமை திரும்புவதில்லை. இந்த இடைவெளியில் ஒரு சின்னப் புகையோ, சின்ன ஜலதோஷமோ போதும். பிரசவமான பெண்ணின் உடம்பை நாம் எப்படிப் பச்சை உடம்பு என்கிறோமோ, அதே மாதிரி இதைப் பச்சை நுரையீரல் என்றே வைத்துக் கொள்ளலாம்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை இல்லையாம். எல்லா வசதியும் உள்ள அமெரிக்காவிலேயே இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முப்பது நாளைக்குள் மறுபடி வந்து படுக்கிறார்கள். இப்படித் திரும்பி வருகிறவர்கள் அதிகமாக இருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் கொடுக்கிற பணத்தைக் குறைக்கிற சட்டத்தில், 2014 அக்டோபரிலிருந்து இந்த நோயையும் சேர்த்துவிட்டார்கள். இந்த நோய்க்கான உலக அளவிலான மருத்துவ நெறிமுறையும், வீடு திரும்பிய ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் ஒரு தடவையும், பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரத்துக்குள் இன்னொரு தடவையும் நோயாளியைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறது.

"அந்தத் தேதியை நாங்க சும்மா எழுதறதில்லைம்மா. அதுவும் வைத்தியத்துல ஒரு பாகம்" என்றார் டாக்டர். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு டம்ளர் தண்ணீர்

தைப்பூசத்தன்று, ஜனவரி 25-ம் தேதி, அத்தையை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பிப்ரவரி 1-ம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை தினசரி காலண்டரில் அந்தத் தாளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்தேன். 'வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாங்க' என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அலமாரியைத் துழாவி அந்த அட்டை டப்பாவையும் சேர்த்துப் போட்டுக் கொண்டேன். அதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்!

டாக்டர் ஒவ்வொரு மருந்தாக எடுத்து மேஜைமேல் வைத்தார். காப்ஸ்யூல் பாட்டிலை அத்தையிடம் கொடுத்து, "இதை எப்படிப் போட்டுக்கிறீங்க பாட்டி? என் எதிர்ல செஞ்சு காட்டுங்க" என்றார். அப்போதுதான் அத்தை தண்ணீர் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு முறையும் நெபுலைசர் வைத்ததால் அந்தக் கருவியை அவர் உபயோகிக்கிற அவசியமே வரவில்லை. இரண்டாவது தடவை சேர்த்தபோது, 'என்ன மருந்து எடுக்கிறார்?' என்று கேட்டார்கள். சீட்டைக் காட்டினோம். சீட்டில் சரியாகத்தான் இருந்தது! எப்படி எடுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

"வயித்துக்குப் போனதால பெரிய கெடுதல் இல்லை. ஆனா நுரையீரலுக்கு இத்தனை நாளா மருந்தே போகலை" என்றார் டாக்டர். கோபித்துக் கொள்ளவில்லை. இப்படி விழுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். கருவிக்குள் காப்ஸ்யூலைப் போட்டு, திருகி, வாயில் வைத்துப் பலமாக உள்ளே இழுக்க வேண்டும் என்று செய்து காட்டினார். அத்தை வாங்கி வாயில் வைத்து... 'பூ' என்று ஊதினார்! பொடி அத்தனையும் மேஜைமேல் கொட்டிற்று.

"ஊதாங்குழல் பழக்கம், தம்பி" என்றார் அத்தை வெட்கத்தோடு. டாக்டர் உள்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

நாலைந்து முறை முயன்றும் அவ்வளவு வேகமாக இழுக்க அத்தைக்குத் தெம்பு இல்லை. உடனே டாக்டர் மருந்தையே மாற்றினார். அழுத்தினால் மருந்து பீச்சுகிற பம்ப், அதனோடு ஸ்பேசர் என்கிற உருளை டப்பா. பம்ப்பைக் குலுக்கி, டப்பாவில் பொருத்தி, முதலில் மூச்சை நிதானமாக வெளியே விட்டு, டப்பாவின் வாயை உதட்டால் இறுகக் கவ்வி, ஒரு தடவை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, மனசுக்குள் பத்து எண்ணுகிற வரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கு மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். ஸ்பேசரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். இதையெல்லாம் என்னையும் செய்து காட்டச் சொன்ன பிறகே டாக்டர் எங்களை விட்டார்.

அந்த ஒரு விஜயத்தில் இன்னும் என்னென்ன தெரிந்தது என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையால் அத்தைக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. இரண்டு வேறு பெயரில் ஒரே மாத்திரையைக் காலையும் மாலையும் கொடுத்துக் கொண்டிருந்தேன். வராந்தாவில் நடக்க விட்டு ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக் கொள்ள வேண்டிய அவசியம் இப்போது இல்லை என்று தெரிந்தது. 'பால் குடிச்சா சளி கூடும்' என்று நான் பாலைக் குறைத்துவிட்டிருந்தேன். 'அப்படி ஒண்ணுமில்லை, இளைச்சுப் போகாம பார்த்துக்கறதுதான் முக்கியம்' என்றார். மூச்சு வாங்குகிறவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் திணறும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுக்கச் சொன்னார். முட்டை, பருப்பு, பால், சுண்டல் எல்லாம் கொடுக்கலாம்.

பக்கத்து அறையில் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, கொஞ்ச தூரம் நடந்து நின்று மறுபடி நடப்பது, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுவது என்று கற்றுக் கொடுத்தாள். டிஸ்சார்ஜ் ஆன சில வாரத்துக்குள் இந்தப் பயிற்சியை ஆரம்பிக்கிறவர்கள் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறதாம். உதட்டைக் குவித்து விடுவதை மட்டும் அத்தை ஒரே நாளில் பிடித்துக் கொண்டார். ஊதாங்குழல் பழக்கம் அங்கே கைகொடுத்தது!

போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

அனுபவத்தில் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைக் காகிதம் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். வீட்டில் உள்ள மருந்து எல்லாவற்றையும், பழைய மிச்சம், நாட்டு மருந்து, லேகியம் உள்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பம்ப், ஸ்பேசர், காப்ஸ்யூல் கருவி எதுவானாலும் கட்டாயம் எடுத்துப் போய் டாக்டர் எதிரில் உபயோகித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: சளியின் நிறம், மூச்சு வாங்கிய நேரம், ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், அவசர பம்ப்பை எத்தனை தடவை எடுத்தார். கொரோனா சமயத்தில் வாங்கிப் போட்ட விரல் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் அந்த அளவையும் குறித்துக் கொள்ளலாம். கை சில்லிட்டிருந்தால் அது சரியாகக் காட்டாது. இந்த நோய்க்காரர்களுக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்பதை டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். எல்லோருக்கும் சொல்கிற அளவு இவர்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் 'இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்போம்' என்று தாங்களாகவே கூட்டவே கூடாது. கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டு விட்டுவிடும்.

தடுப்பூசி பற்றிக் கேட்க மறக்காதீர்கள். வருஷா வருஷம் போடுகிற ஃப்ளூ ஊசியும், நிமோனியா தடுப்பூசியும் இவர்களுக்கு அவசியம். அடுத்த விஜயத் தேதியையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அத்தைக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிக் குழாயில் ஊதுகிற பரிசோதனையை மறுபடி செய்தார்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டிய குறிகள் இவை:

* வழக்கத்தைவிட மூச்சு அதிகமாக வாங்குவது.
* சளி அதிகமாவது, அல்லது மஞ்சள், பச்சை என்று நிறம் மாறுவது.
* காய்ச்சல்.
* கணுக்காலில் வீக்கம்.
* அவசர பம்ப் அடிக்கடி தேவைப்படுவது.

ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டிய குறிகள்:

* உதடு, நகம் நீலம் பாரிப்பது.
* ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறுவது.
* அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல், மனக்குழப்பம்.
* நெஞ்சு வலி.

கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் இன்றைக்கும் கொடுக்கிறேன். ஆனால் சளியின் நிறம் மாறிய பிறகு கஷாயத்தை நம்பி மூன்று நாளைக் கடத்தக் கூடாது. 'போன தடவை இதைத்தானே கொடுத்தாங்க' என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரையை நாமே வாங்கிப் போடுவதும் கூடாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

'இது வயசானவங்க சமாசாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நுரையீரல் இருபது வயதுக்கு மேலும் கொஞ்ச காலம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் புகையும், அடிக்கடி நெஞ்சுச் சளியும் அதன் வளர்ச்சியைக் குறைத்துவிட்டால் ஐம்பது அறுபது வயதில் அதன் பலன் தெரியும். தலைக்கு ஊற்றியதும் பச்சைக் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறோமே, அதை விட்டுவிடுங்கள். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாலே தலை காய்ந்துவிடும். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். வீட்டில் யாராவது புகை பிடிக்கிறவர் இருந்தால் வாசலோடு நிறுத்துங்கள். முடிந்தால் அந்தப் பழக்கத்தையே நிறுத்தச் செய்யுங்கள். காஸ் அடுப்பு இருந்தும் சிக்கனத்துக்காக வெந்நீருக்கு மட்டும் விறகு எரிக்கிறவர்கள் திறந்த வெளியில் எரியுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊத வேண்டாம்.

இப்போது அத்தை

நோய் போய்விடவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நிற்கத்தான் செய்கிறார். 2024 நவம்பர் மழையில் ஒரு தடவை சளி மஞ்சளாயிற்று. நோட்டில் எழுதும்போதே எனக்குக் கை நடுங்கிற்று. அன்று மாலையே போனோம். டாக்டர் கேட்டார், பார்த்தார், ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். ஐந்தாம் நாள் அத்தை திண்ணையில் உட்கார்ந்து பூ தொடுத்துக் கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை, மாஸ்க் இல்லை, மெஷின் இல்லை.

2025-ம் வருஷப் பொங்கலுக்குப் பானையைக் காஸ் அடுப்பில் வைத்தோம். அத்தைக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. போகியன்று காலை ஜன்னல் கதவையெல்லாம் சாத்திக்கொண்டு உள் அறையில் இருக்கச் சொன்னபோதும் முணுமுணுத்தார். ஆனால் பால் பொங்கியதும் எல்லோருக்கும் முன்னால், 'பொங்கலோ பொங்கல்!' என்று ஒரே மூச்சில் குரல் கொடுத்தது அவர்தான்.

சகோதரிகளே, சீமந்தம், காதுகுத்து, பண்டிகை என்று ஏதாவது ஒன்று நம் வீடுகளில் வந்துகொண்டேதான் இருக்கும். பெரியவர்களும், 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, சீட்டின் அடியில் எழுதியிருக்கும் தேதியைக் காலண்டரில் தேடிச் சிவப்பு மையால் சுழிப்பது. அந்தத் தேதியில் கல்யாணமே வந்தாலும் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு, பிறகு மொய் எழுதப் போகலாம்.